ஆரைப் பற்றிக் கதைக்கிறோம்?

(நூற்றாண்டு விழா வாரத்தில், பழைய மாணவிகளும் உயர்தர வகுப்பு மாணவிகளும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2001ஆம் ஆண்டு உயர்தர உயிரியல் பிரிவின் சார்பில் இந்த உரையை ஆற்ற வந்திருக்கிறோம். வைத்தியத்துறை அனுபவம் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டிருந்தார்கள். நீரிழிவு, குருதியமுக்கம் பற்றி இரண்டு நல்ல வார்த்தை கேட்கலாம் என்று வந்த அக்காமார் எங்களை மன்னிக்க வேண்டும். இன்று நாங்கள் பேசப்போவது பௌதிகக் கணக்கு. அதிலும் விசை, ஆர்முடுகல், இயக்கம்.

காரணம் இருக்கிறது. விழா ஒழுங்குகளுக்காகப் போன கிழமை இங்கே வந்தபோது, உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் சிலரோடு கதைத்தோம். "இயக்கவியலை விட்டிட்டுப் படிக்கிறம் அக்கா, அது மற்ஸ் பிள்ளையளுக்கு உரியது" என்றார்கள். வேறு அலகுகளில் புள்ளி எடுத்துச் சரிக்கட்டலாமாம். எங்களுக்கு முந்திய அக்காமார் தாவரவியல், விலங்கியல், இரசாயனம், பௌதிகம் என்று நான்கு பாடம் எழுதினார்கள். இப்போது பாடம் மூன்று. அதில் ஒன்று பௌதிகம். மூன்றில் ஒன்றின் அத்திவாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீடு கட்டுகிறோம் என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டபிறகு நீரிழிவு பற்றிப் பேச மனம் வரவில்லை.

எங்கள் பௌதிக ரீச்சரை இங்கே பலருக்கு நினைவிருக்கும். கணக்கை வாசித்து முடித்ததும் யாராவது அவசரப்பட்டுச் சமன்பாட்டை எழுதத் தொடங்கினால், வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: "பிள்ளை, நீ ஆரைப் பற்றிக் கதைக்கிறாய்?" வகுப்பே சிரிக்கும். ஆனால் விசைக் கணக்கு முழுவதற்கும் அந்த ஒரு கேள்விதான் வாசல். கயிற்றைப் பற்றியா, வாளியைப் பற்றியா, வாளியை இழுக்கும் ஆளைப் பற்றியா? யாரைப் பற்றி என்று தீர்மானித்தால் அவரை மட்டும் தனியே வரைய வேண்டும். அவரில் தாக்கும் விசைகளை மட்டும் அம்புக்குறியால் குறிக்க வேண்டும். அவர் மற்றவர்களுக்குக் கொடுக்கும் விசை அவருடைய படத்தில் வரக்கூடாது. பிறகு எந்தத் திசையை நேர்த் திசையாக எடுக்கிறோம் என்று ஒரு சின்ன அம்பு. இவ்வளவும் ஆனபிறகே, விளையுள் விசை = திணிவு × ஆர்முடுகல்.

ஊரில் எல்லோரையும் பற்றி ஒரே மூச்சில் கதைக்கலாம். பௌதிகத்தில் ஒரு நேரத்தில் ஒருவரைப் பற்றித்தான் கதைக்கலாம்.

கிணற்றடிக்குப் போவோம். தண்ணீரோடு சேர்த்து 10 கிலோகிராம் திணிவுள்ள வாளியைக் கப்பியில் கயிறு போட்டு இழுக்கிறோம். ஈர்ப்பு ஆர்முடுகலைப் பரீட்சையில் எடுப்பது போல 10 என்றே எடுப்போம். வாளியின் நிறை 100 நியூற்றன், கீழ்நோக்கி. கயிற்றின் இழுவை மேல்நோக்கி. வாளியில் தாக்கும் விசைகள் இந்த இரண்டும்தான். இப்போது கேள்வி: வாளி சீரான வேகத்தோடு மேலே வந்துகொண்டிருக்கும்போது இழுவை எவ்வளவு?

பெரும்பாலான பிள்ளைகள் "100ஐ விடக் கூட" என்பார்கள். மேலே போகிறதே, அப்படியென்றால் மேல்நோக்கிய விசை வெல்லத்தானே வேண்டும்? சரியான விடை 100 நியூற்றன். வேகம் மாறவில்லை, ஆகவே ஆர்முடுகல் பூச்சியம், ஆகவே விளையுள் விசையும் பூச்சியம். இழுவை 100ஐ விடக் கூடுவது வாளியைத் தண்ணீரிலிருந்து கிளப்பும் அந்தத் தொடக்க நேரத்தில். செக்கனுக்குச் செக்கன் 1 மீற்றர் ஆர்முடுகலோடு கிளப்பினால் 110 நியூற்றன். கிணற்றுக் கட்டை நெருங்கும்போது வாளியை மெதுவாக்குகிறோமே, அப்போது அதே அளவு அமர்முடுகல் என்றால் இழுவை 90 நியூற்றன். வாளி இன்னமும் மேலேதான் வருகிறது. இழுவையோ நிறையை விடக் குறைவு. கிணற்றில் அள்ளியவர்களின் கைக்கு இது தெரியும். கடைசி முழத்தில் கயிறு இலேசாகும். கைக்குத் தெரிந்ததை மூளை ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் தடுமாற்றத்துக்காகப் பிள்ளைகள் வெட்கப்படத் தேவையில்லை. ஒரு பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் அதை ஏதாவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் அரிஸ்ரோட்டில் நினைத்தார். அந்த எண்ணம் ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் நின்று பிடித்தது. வண்டில் தள்ளியவர்கள் எல்லோருக்கும் அது சரியாகவே பட்டிருக்கும், ஏனென்றால் உராய்வு கண்ணுக்குத் தெரியாத ஆள். விசை வேண்டியது வேகத்தை மாற்றுவதற்கே, வேகத்தை வைத்திருப்பதற்கு அல்ல என்பதை நியூற்றன் 1687இல் பிரின்சிப்பியா நூலில் விதியாக எழுதினார். அதற்கு வழி வெட்டிக் கொடுத்தவர் கலிலியோ. விழுகிற பொருளின் நேரத்தை அளக்கும் அளவுக்கு நல்ல மணிக்கூடு அவரிடம் இல்லை. ஆகவே விழுதலை மெதுவாக்கினார். சாய்வான மரப்பலகையில் தவாளிப்பு வெட்டி, அதில் வெண்கலக் குண்டை உருளவிட்டு, ஒரு பாத்திரத்திலிருந்து வழிந்த தண்ணீரின் நிறையைக் கொண்டு நேரத்தை அளந்தார். தூரம் நேரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்று அவர் கண்டதை 1638இல் வெளியான தமது நூலில் எழுதியிருக்கிறார்.

இதை நாங்கள் இந்தப் பாடசாலையில் செய்தோம். ஆய்வுகூடத்தில் நாடாவில் புள்ளி அடிக்கும் கருவி ஒன்று இருந்தது. அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நினைத்தபோது வந்து நினைத்தபோது போன காலம் அது. ரீச்சர் காத்திருக்கவில்லை. கழற்றி வைத்திருந்த தகரப் பீலி ஒன்றை எடுத்து, ஒரு தலைப்பைச் செங்கல்லில் ஏற்றி, ஒருத்தியிடம் தம்பியின் போளை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அடியில் ஊசித்துளை போட்ட பால்மா ரின் ஒன்றில் தண்ணீர் விட்டுத் தொங்கவிட்டார். சொட்டு, சொட்டு, சொட்டு. ஒரு சொட்டு விழும் கணத்தில் போளையை விட வேண்டும். அடுத்த சொட்டுக்குப் போளை எங்கே நிற்கிறதோ அங்கே வெண்கட்டியால் கோடு. பல தடவை செய்து, கோடுகளைச் சரிபார்த்து, அளந்தோம். முதற் கோடு 20 சென்ரிமீற்றருக்குக் கிட்ட. இரண்டாவது 80. மூன்றாவது 180. ஒன்று, நான்கு, ஒன்பது.

பீலி முடிந்துவிட்டது, இல்லாவிட்டால் 16ஐயும் பார்த்திருப்போம். சமன்பாட்டுப் பட்டியலில் மூன்றாம் வரியாகக் கிடந்த ஒன்று, அன்றைக்கு நிலத்தில் வெண்கட்டிக் கோடாகக் கிடந்தது.

இனிக் கொஞ்சம் கடினமான கணக்கு. கப்பியின் மேலால் போகும் இழையின் ஒரு முனையில் 3 கிலோகிராம், மறு முனையில் 2 கிலோகிராம். விட்டால் என்ன ஆர்முடுகல், இழையில் என்ன இழுவை? கப்பி ஒப்பமானது, இழை இலேசானது. இங்கேதான் ரீச்சரின் கேள்வி தன் வேலையைக் காட்டும். முதலில் 3 கிலோவைப் பற்றிக் கதைப்போம். அது கீழே போகிறது, ஆகவே கீழ்த்திசை நேர்: 30 − இழுவை = 3 × ஆர்முடுகல். அதை முடித்துவிட்டு 2 கிலோவிடம் போவோம். அது மேலே வருகிறது: இழுவை − 20 = 2 × ஆர்முடுகல். இரண்டையும் கூட்டினால் இழுவை ஒழிந்துவிடும். 10 = 5 × ஆர்முடுகல். ஆர்முடுகல் 2. இழுவை 24 நியூற்றன்.

அதோடு பேனையை வைத்துவிடக் கூடாது. 24 நியாயமான விடையா? பாரமானது கீழே போக வேண்டுமென்றால் இழுவை 30ஐ விடக் குறைய வேண்டும். இலேசானது மேலே வர வேண்டுமென்றால் 20ஐ விடக் கூட வேண்டும். 24 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 30 என்றோ 50 என்றோ விடை வந்திருந்தால், கணக்கைத் திரும்பப் பார்க்காமலே பிழை என்று சொல்லிவிடலாம். இரண்டு திணிவும் சமமாக இருந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டுப் பார்க்கலாம். ஆர்முடுகல் பூச்சியம் வர வேண்டும், வருகிறதா? இந்தப் பழக்கம் உள்ள பிள்ளைக்குப் பல்தேர்வு வினாவில் ஐந்து விடைகளில் இரண்டையாவது வாசித்தவுடனேயே வெட்டிவிட முடியும்.

இதெல்லாம் வைத்தியத்துக்கு எதற்கு என்று கேட்கிறீர்கள். என்பு முறிவு விடுதிக்கு வாருங்கள். தொடை எலும்பு முறிந்தவரின் காலில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டிலுள்ள கப்பிக்கு மேலால் விட்டு, நிறையைத் தொங்கவிட்டிருப்பார்கள். விடுதியில் 'ரக்ஷன்' என்பார்கள். கப்பி செய்வது திசையை மாற்றுவது மட்டும். தொங்குவது 4 கிலோ என்றால் காலை இழுப்பது 40 நியூற்றன். நிறை நிலத்தில் முட்டிக்கொண்டு நின்றால்? நிலம் அதைத் தாங்கத் தொடங்கிவிடும், இழை தளரும், கயிறும் கப்பியும் அப்படியே அழகாக இருக்கும், காலுக்கு இழுவை இராது. நல்ல தாதியர் விடுதிக்குள் வந்ததும் முதலில் பார்ப்பது அந்த நிறை எதிலும் முட்டாமல் தொங்குகிறதா என்றுதான். இன்னொன்று. அந்த 40 நியூற்றன் நோயாளியையும் கால்மாட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு வராதா? வரும். அதனால்தான் கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி வைப்பது. கட்டில் சாய்தளமாகிவிடுகிறது. நோயாளியின் நிறையின் ஒரு கூறு அவரைத் தலைமாட்டுப் பக்கம் இழுத்து நிறுத்துகிறது. நீங்கள் விட்டுவிட்டுப் படிக்கும் சாய்தளக் கணக்கின் மேல் ஒரு மனிதர் படுத்திருக்கிறார்.

ஆனால் இந்தக் கணக்கைக் கொண்டு நாங்கள் அதிகம் பேச விரும்புவது வேறு இடத்தில். இங்கே தாய்மார் பலர் இருக்கிறீர்கள். காரின் முன்னாசனத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகும் வழக்கம் எங்கள் ஊரில் சாதாரணம். "இறுக்கிப் பிடிச்சிருக்கிறன்தானே டொக்ரர்" என்று சொல்வார்கள். பிடிக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கார் மணிக்கு 36 கிலோமீற்றரில் போகிறது. ஓட்டமே இல்லை என்று சொல்லக்கூடிய வேகம். செக்கனுக்கு 10 மீற்றர். முன்னால் ஒரு மதிலில் மோதி, காரின் முன்பக்கம் அரை மீற்றர் நசுங்கி நிற்கிறது. வேகத்தின் வர்க்கம் = 2 × ஆர்முடுகல் × தூரம் என்ற சமன்பாட்டைப் போட்டால், அமர்முடுகல் 100. ஈர்ப்பு ஆர்முடுகலைப் போல் பத்து மடங்கு. நிற்க எடுக்கும் நேரம் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு.

இப்போது ஆரைப் பற்றிக் கதைக்கிறோம்? பிள்ளையைப் பற்றி. பிள்ளையின் திணிவு 10 கிலோகிராம் என்று வைப்போம், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தை. காரோடு சேர்ந்து அந்தப் பிள்ளையும் நிற்க வேண்டுமென்றால் பின்னோக்கி 1000 நியூற்றன் விசை வேண்டும். அதைக் கொடுக்கக் கூடியது அம்மாவின் கைகள் மட்டும். 1000 நியூற்றன் என்பது 100 கிலோவின் நிறை. 50 கிலோ அரிசி மூட்டை இரண்டை, முன்னறிவித்தல் இல்லாமல், கண்ணிமைக்கும் நேரத்தில், இரண்டு கையால் தாங்க வேண்டும். எந்தத் தாயாலும் முடியாது. அன்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. கைகள் கொடுக்க முடியாத மிச்ச விசையை முன்பலகை கொடுக்கும், அல்லது கண்ணாடி கொடுக்கும். எங்களிடம் கொண்டுவருவது அதற்குப் பிறகு.

ஆசனப் பட்டியைத் தனக்கும் பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ளும் தாய்மாரும் உண்டு. மறுபடியும் பிள்ளையை மட்டும் வரைந்து பாருங்கள். முன்னால் பட்டி. பின்னால் 60 கிலோ அம்மா. அந்த அம்மாவை நிறுத்த 6000 நியூற்றன் வேண்டும், அது பட்டியிலிருந்து பிள்ளையின் ஊடாகவே அவருக்குப் போய்ச் சேர வேண்டும். படத்தில் அம்புக்குறிகளைப் போட்டதும் விளங்கிவிடும். பிள்ளைக்குத் தனி ஆசனம், தனிப் பட்டி, பின்னிருக்கையில். வேறு வழி இல்லை.

உடம்பு எவ்வளவு அமர்முடுகலைத் தாங்கும் என்பதை ஒரு வைத்தியர் தன் உடம்பிலேயே சோதித்தார். அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த ஜோன் ஸ்டாப். 1954 டிசெம்பர் 10ஆம் திகதி, தண்டவாளத்தில் ஓடும் ரொக்கெற் வண்டியில் தன்னைப் பட்டிகளால் கட்டிக்கொண்டு, மணிக்கு 1017 கிலோமீற்றர் வேகத்துக்குப் போய், 1.4 செக்கனில் நின்றார். கண்ணின் குருதிக் குழாய்கள் வெடித்துச் சிறிது நேரம் பார்வை இல்லாமல் இருந்தார், பிறகு தேறினார். பிள்ளைகளே, இதையும் கணக்காகப் போடுங்கள். 1017 என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 282 மீற்றர். 1.4ஆல் வகுத்தால் 200 அளவு வரும், அதாவது ஈர்ப்பு ஆர்முடுகலின் 20 மடங்கு. ஆனால் பதிவேட்டில் 46 மடங்கு என்று இருக்கும். கணக்குப் பிழையா? இல்லை. உங்கள் 20 சராசரி. 46 உச்சக் கணத்தில் வந்தது. இயக்கச் சமன்பாடுகள் ஆர்முடுகல் சீராக இருக்கும்போதுதான் பொருந்தும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறதே, எல்லோரும் தாண்டிப் போகும் வரி, அதன் பொருள் இதுதான்.

தலைக்கவசத்தையும் சொல்லிவிடுகிறோம். "பக்கத்து ஒழுங்கைக்குத்தானே, மெதுவாத்தானே போறம்" என்பவர்களுக்கு. மோட்டார் சைக்கிள் நின்ற நிலையில் சரிந்து, தலை 1.25 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தாலே நிலத்தில் படும்போது வேகம் செக்கனுக்கு 5 மீற்றர். ஓடிய வேகம் இந்தக் கணக்குக்குள் வரவேயில்லை. தலை அரைச் சென்ரிமீற்றரில் நின்றால் அமர்முடுகல் 2500. கவசத்துக்குள்ளே இருக்கும் நுரை நசுங்கி இரண்டரைச் சென்ரிமீற்றர் கொடுத்தால் 500. ஐந்தில் ஒன்று. கவசத்தின் வேலை அந்த இரண்டு சென்ரிமீற்றரைத் தருவது. நாடி கட்டாத கவசம் தலைக்கு முன்னமே பறந்துவிடும், அதையும் கண்டிருக்கிறோம்.

தனியார் வகுப்புகளைப் பற்றி ஒரு சொல். அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் "இந்த மாதிரி வந்தால் இந்தச் சமன்பாடு" என்ற சுருக்குவழிப் பட்டியல்கள் பிள்ளைகளின் கொப்பிகளில் இருப்பதைப் பார்த்தோம். கப்பிக் கணக்குக்கு ஒன்று, மின்னுயர்த்திக் கணக்குக்கு ஒன்று, சாய்தளத்துக்கு மூன்று. பத்து நிமிடத்தில் படம் வரையப் பழகுவதை விட்டு முப்பது சமன்பாட்டைப் பாடமாக்குவது கஷ்டமான வழியே தவிர இலகுவான வழி அல்ல. வினாத்தாள் தயாரிப்பவர் ஒரு இழையைக் கூட்டிவிட்டால் முப்பதும் வீண்.

ஆகவே வெளிநாட்டிலிருக்கும் அக்காமாரிடமும் தங்கச்சிமாரிடமும் ஒரு கேள்வி. நூற்றாண்டுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதுகிறீர்கள். திறன்பலகை வாங்கித் தரலாம், நன்றி. அதை விட மலிவாக, ஆய்வுகூடத்துக்குப் பத்துக் கப்பியும் பத்து விற்றராசும் வாங்கலாம். அதையும் விட மலிவாக, ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணித்தியாலம் தரலாம். எங்கள் வகுப்பில் பதினொரு பேர் சம்மதித்திருக்கிறார்கள். ரொறன்ரோவில் நால்வர், லண்டனில் இருவர், மெல்பேணில் ஒருத்தி, மற்றவர்கள் இங்கேயும் கொழும்பிலும். ஆளுக்கு இரண்டு பிள்ளைகள், தொலைபேசியில் முகம் பார்த்து, ஒரு மணித்தியாலத்துக்கு ஒரே ஒரு கணக்கு. முதல் பத்து நிமிடம் சமன்பாடு எழுதத் தடை. பௌதிகம் மறந்துபோனவர்களும் சேரலாம், "ஆரைப் பற்றிக் கதைக்கிறாய்?" என்று கேட்கத் தெரிந்தால் முதல் மாதத்துக்குப் போதும். சேர விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைத் தந்துவிட்டு இறங்குகிறோம். 50 கிலோகிராம் திணிவுள்ள பிள்ளை ஒருத்தி, மின்னுயர்த்திக்குள் ஒரு நிறுக்கும் தராசில் ஏறி நிற்கிறாள். தராசு 40 என்று காட்டுகிறது. மின்னுயர்த்தி மேலே போகிறதா, கீழே போகிறதா? தேநீர் வேளையில் வாசலருகே நிற்போம், விடையைக் கொண்டுவாருங்கள். படம் இல்லாத விடைக்குப் புள்ளி இல்லை.